யோ அக்காவின் குரலுக்கு விழுந்த ஓட்டு

எங்கள் தொகுதியிலிருந்து தைபேய் நாடாளுமன்றத்துக்குப் போனவர்களில் ஒருவர் வக்கீல், இருவர் சரளைக்கல் முதலாளிகள், இன்னொருவர் கோயில் கமிட்டித் தலைவர். அவர்களுக்கு அப்புறம் போனவள் சூரண லாரியில் மைக் பிடித்தவள். மற்ற நால்வரின் பெயரை இன்று கேட்டால் யாராயிருந்தாலும் தலையைச் சொறிவார்கள். யோ அக்காவை மட்டும், திட்டுவதற்காகவாவது, எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த லாரியை இருபத்தாறு வருடம் ஓட்டியவன் நான். அதனால் அவள் புகழில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு, பழியிலும் உண்டு.

முழுப் பெயர் திங் போங்-யோ. எங்கள் ஹொக்கியன் பேச்சில் 'போங்-யோ' என்றால் 'சரி, இருந்துட்டுப் போகட்டும்' என்று அர்த்தம். அவள் அப்பா கழிமுகத்தில் சிப்பி வளர்த்தவர். ஆறாவதும் பெண்ணாகப் பிறந்தபோது 'சியோ-தி', அதாவது 'தம்பியைக் கூட்டிட்டு வா' என்று பெயர் வைத்தார். சியோ-தி கூட்டி வந்தது ஒரு தங்கையை. பிறப்புப் பதிவு செய்யும் குமாஸ்தா "பேரு என்ன?" என்று கேட்டபோது அப்பா பெருமூச்சோடு என்ன முணுமுணுத்தாரோ, அதையே அந்த ஆள் எழுதிக்கொண்டார்.

பெயரில் இல்லாத மரியாதை குரலில் இருந்தது. எங்கள் கடலோரத்தில் நவம்பர் தொடங்கி மார்ச் வரை அடிக்கும் வடகாற்றில், பக்கத்தில் நிற்பவன் திட்டினால்கூடக் காதில் விழாது. கடல் ஏறத் தொடங்கும்போது, தூரத்தில் சேற்றில் நின்று சிப்பி அறுத்துக்கொண்டிருக்கும் அக்காமார்களைக் கரையிலிருந்து கூப்பிடுவது ஏழு வயதிலேயே அவள் வேலையாகிவிட்டது. அவள் ஒருமுறை கூப்பிட்டால் பக்கத்து ஊர்க்காரர்களும் சேர்ந்து கரையேறுவார்கள்.

பத்தொன்பது வயதில் கல்யாணம். அதுவும் குரலால்தான். கே புங்-யுவான் என்ற இளைஞர் வயிற்றுச் சூரணம் தயாரித்து, கோயில் திருவிழாக்களில் லாரியை நிறுத்தி விற்றுக்கொண்டிருந்தார். சூரணம் நல்லது. ஆனால் அவர் கையில் மைக்கைக் கொடுத்தால், உயிருள்ள விலாங்கைப் பிடித்தவர் மாதிரி நெளிவார். கூட்டத்தில் நின்ற போங்-யோவுக்குப் பொறுக்கவில்லை. "குடுங்க இங்க" என்று பிடுங்கிக்கொண்டாள்.

"வயிறு ஊதுதா? குடல் இரையுதா? மாமியார் சொன்னது செரிக்கலையா? வாங்க, வாங்க, ஒரு கரண்டி போதும்!"

அன்று ஒரு பொட்டலம்கூட மிஞ்சவில்லை. இரண்டு மாதத்தில் கல்யாணம் முடிந்தது. இவ்வளவு பேசுகிறவளைக் கட்டிக்கொண்டாயே என்று நண்பர்கள் புங்-யுவான் அண்ணனைக் கேலி செய்தபோது, "வீட்டுல பேச ஒரு ஆள் போதும்" என்றார். அந்த வருடம் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

தேர்தல் வந்தால் சூரண லாரி பிரச்சார லாரியாகிவிடும். அக்கா யாருக்கு வேண்டுமானாலும் பேசுவாள். ஒரு வருடம் காலையில் ஒரு வேட்பாளருக்கும் மதியத்துக்கு மேல் அவருடைய எதிராளிக்கும் பேசினாள். நடுவில் நூடுல்ஸ் சாப்பிட நிறுத்தியபோது பேனரையும் மேல்சட்டையையும் மாற்றினோம், அவ்வளவுதான். ஒரு பெரியவர் சைக்கிளை லாரிக்குக் குறுக்கே போட்டார்.

"ஏம்மா, காலையில அவன் திருடன்னே. இப்ப இவன் திருடன்ங்கறே?"

"ரெண்டும் நெசந்தான் மாமா. காலையில பாதி சொன்னேன், இப்ப மீதி சொல்றேன்."

இப்படி முப்பது வருடம். மாவட்டத்தில் அந்தக் குரலைத் தெரியாத காது கிடையாது. முகத்தைத்தான் அதிகம் பேர் பார்த்ததில்லை, பிரச்சாரத்தில் அவள் எப்போதும் லாரிக்குள் இருந்தாள்.

அவளுக்கு ஐம்பத்தொரு வயது நடந்தபோது எங்களை அமர்த்தியிருந்தவர் லியாவ் ஜென்-சின் என்ற வேட்பாளர். ஆற்றுச் சரளையைத் திருட்டுத்தனமாக அள்ளுகிறார் என்று அவர்மேல் பேச்சு. அதைப் பொய்யாக்க, கோயில் வாசலில் சேவல் தலையை வெட்டிச் சத்தியம் செய்யப்போவதாக அறிவித்தார். ஊரே கூடியது.

"ஒரு கூழாங்கல்லைக்கூட நான் தொட்டதில்ல. பொய்யின்னா இந்தச் சேவலுக்கு ஆகறது எனக்கும் ஆகட்டும்!" என்று கத்தியை ஓங்கினார். கத்தி மொட்டை. சேவல் திமிறிப் பறந்து, நேரே சாமி முன்னாலிருந்த படையல் மேசையில் போய் உட்கார்ந்தது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். அது சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அன்னாசிக் கேக்குகளின் மேல் நிதானமாக எச்சமிட்டது.

"தீர்ப்பு வந்துடுச்சு" என்றார் பூசாரி.

பதினொரு நாள் கழித்து லியாவைக் கைது செய்து கொண்டுபோனார்கள். வேட்புமனு கொடுக்க அன்றுதான் கடைசி நாள். கட்சியின் மாவட்டத் தலைவரும் அவர் ஆட்களும் அலுவலகத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்தபடி, மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஆள் யார் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு எவனும் தகவல் சொல்லவில்லை. நாங்கள் பாட்டுக்கு "லியாவ் ஜென்-சின், நேர்மையின் மறுபெயர்!" என்று ஜன்னலுக்கு வெளியே போய்க்கொண்டிருந்தோம். தலைவர் கடலையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து லாரியை மறித்தார்.

"அக்கா, நீங்க நிக்கிறீங்களா?"

"நின்னுட்டுத்தானே இருக்கேன்."

"தேர்தல்ல நிக்கிறீங்களான்னு கேக்கறேன்!"

"எனக்கு என்னய்யா தெரியும்?"

"லியாவுக்கு என்ன தெரிஞ்சுது?"

அக்கா லாரியை விட்டு இறங்கினாள். மனு கொடுக்க இன்னும் ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது. அவளுடைய அடையாள அட்டையைத் தேடி எடுக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. புங்-யுவான் அண்ணன் அதைச் சூரண டப்பாவுக்குள் பத்திரப்படுத்தியிருந்தார்.

மறுநாள் சந்தையில் கைகுலுக்கப் போனோம். போஸ்டரில் இருக்கும் முகம் யாருடையது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. மீன்காரி ஒருத்தி, "வாங்கறதுன்னா வாங்கு, இல்லேன்னா தள்ளிக்க, ஐஸ் உருகுது" என்று விரட்டினாள். அக்காவுக்கு வந்ததே கோபம். வாயைத் திறந்தாள்.

"அன்புள்ள ஊர்மக்களே! தயவு பண்ணுங்க, தயவு பண்ணுங்க!"

சந்தை முழுக்கத் திரும்பியது. மீன்காரி கத்தியைக் கீழே வைத்தாள். "ஐயோ, லாரிக்காரி! நீதானா அது? நான் ஒல்லியா ஒரு பொண்ணுன்னுல்ல நெனச்சேன்!"

ஒரே ஒரு சிக்கல். எதிர்த்து நின்றவர் சான் யூ-லாங் என்ற பல் டாக்டர். முந்தைய தேர்தலில் அக்கா அவருக்காகப் பேசியதன் ஒலிப்பதிவு அவரிடம் இருந்தது. அவர் அதையே போட்டு ஊரெல்லாம் சுற்றினார். ஒருநாள் நாற்சந்தியில் இரண்டு லாரியும் நேருக்கு நேர் நின்றன. இந்தப் பக்கம் அக்கா, "எனக்கு ஓட்டுப் போடுங்க!" என்றாள். அந்தப் பக்கமும் அக்கா, "பல் டாக்டருக்கே போடுங்க!" என்றாள். போக்குவரத்துப் போலீஸ்காரர் விசிலை வாயில் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டார். அக்கா மைக்கோடு இறங்கினாள்.

"அவளை நம்பாதீங்க! அவ கூலிக்குக் கத்தறவ! அவளை எனக்கு நல்லாத் தெரியும்!"

அதற்கு விழுந்த சிரிப்பில்தான் ஜெயித்தோம் என்று இன்றும் நம்புகிறேன்.

தைபேயில் முதல் நாளே கட்சிக் கொறடா அவளைத் தனியாக அழைத்துப் பாடம் நடத்தினார். "கையைத் தூக்கச் சொன்னா தூக்குங்க. மேடையை மறிக்கச் சொன்னா மறிங்க. மசோதா படிக்கறதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்." அக்காவுக்கு நிம்மதி. மேசையில் செங்கல் செங்கலாய் அடுக்கியிருந்த காகிதத்தைப் பார்த்து அவள் ஏற்கெனவே பயந்திருந்தாள். சபையில் பேசுகிற மாண்டரின் அவளுக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஹொக்கியனில் கேள்வி கேட்டபோது ஒரு அமைச்சர், தமக்குப் புரியவில்லை என்றார்.

"புரியலையா? சரி, மெதுவாக் கத்தறேன்" என்றாள்.

தைபேயில் வாரம் மூன்று நாள். மற்ற நாளெல்லாம் ஊரில் கல்யாணம், சாவு. இதுதான் எங்கள் பக்கத்து உறுப்பினரின் உண்மையான உத்தியோகம். நல்ல நாள் என்றால் காலையில் நாலு சாவு, மதியம் மூன்று விருந்து. அவளை அங்கே இங்கே இறக்கிவிடும் டிரைவராக இருந்து, எல்லா விருந்திலும் நண்டுச் சோறு தின்று, நான் மூன்று வருடத்தில் பதினாலு கிலோ ஏறினேன்.

ஒருநாள் தொண்ணூற்று மூன்று வயதுப் பெரியவர் ஒருவரின் அடக்கம். அக்கா இரங்கல் பேச்சைக் கண்ணீரோடு முடித்தாள். மைக் கையில், எதிரே கூட்டம். முப்பது வருடப் பழக்கம் சும்மா விடுமா? கையை உயர்த்தி, "தோங்-சுவான்!" என்று முழங்கினாள். தேர்தல் கூட்டத்தில் 'ஜெயிக்கட்டும்!' என்று போடும் கோஷம் அது. இழவுக்கு வந்தவர்களுக்கும் அதே பழக்கம்தான். "தோங்-சுவான்! தோங்-சுவான்!" என்று மூன்று முறை திருப்பிக் கத்திவிட்டுத்தான் முழித்தார்கள்.

மூத்த மகன் முக்காட்டை விலக்கிக் கேட்டார், "எங்கப்பா எங்கக்கா ஜெயிக்கப் போறாரு?"

"மேலதான். அங்கயும் எடம் புடிக்கணுமில்ல?"

அந்தக் குடும்பத்தின் ஓட்டு அப்புறமும் அவளுக்குத்தான்.

இப்படியே நாலு வருடமும் ஓடியிருக்கும். ஆனால் இரண்டாம் வருடம் வடக்குக் கால்வாய் மசோதா வந்தது. எங்கள் ஆற்றுத் தண்ணீரை மேட்டுப் பகுதியில் அமையவிருந்த தொழிற்பேட்டைக்குத் திருப்பும் மசோதா. எதிர்க்கட்சிக்காரர்கள் காலையிலேயே மேடையில் ஏறி, சபாநாயகரின் நாற்காலியைச் சுற்றிச் சங்கிலி போட்டு, மைக் ஒயரை அறுத்தார்கள். எங்கள் ஆட்கள் மேலே பாய்ந்தார்கள். தண்ணீர் பாட்டில் பறந்தது, மதியச் சாப்பாட்டு டப்பா பறந்தது, ஒரு பேராசிரியரின் தலையிலிருந்து பொய்முடியும் பறந்தது. அக்கா நாலடி பத்தங்குலம். யாரோ முழங்கையால் அவள் மூக்கில் இடித்துவிட்டார்கள். வலியில் வாயைத் திறந்தவளுக்கு என்ன கத்துவது என்று தெரியவில்லை. தொண்டையில் ஊறிப்போனதுதான் வந்தது.

"வயிறு ஊதுதா? குடல் இரையுதா?"

சண்டை நின்றது. ஒருத்தன் சட்டையை ஒருத்தன் பிடித்தபடியே எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். "மாமியார் சொன்னது செரிக்கலையா?" என்று அவள் முடித்ததும் சபையே அதிர அதிரச் சிரித்தது. அந்தச் சிரிப்பில், ஒரு மூலையில் நசுங்கிக் கிடந்த சபாநாயகர் "நிறைவேறியது" என்று சொல்லிச் சுத்தியலைத் தட்டிவிட்டார்.

தொலைக்காட்சியில் ஒரு வாரம் அதையே போட்டார்கள். கொறடா அவளுக்கு ஒரு கூடை ஆப்பிள் அனுப்பினார். ஊருக்குள் நுழைந்தபோது பட்டாசு வெடித்தார்கள். புங்-யுவான் அண்ணனின் சூரணம் தீர்ந்துபோய், இரண்டு மாதம் காத்திருப்புப் பட்டியல்.

கால்வாயை அவசரமாக வெட்டி முடித்தார்கள். மறு வருடம் வறண்ட மாதங்களில் சியோ-தி அக்கா எங்கள் தொகுதி அலுவலகத்துக்கு வந்தாள். அப்பாவின் சிப்பி வளர்ப்பை இப்போது கவனிப்பவள் அவள்தான். கொண்டுவந்த சிப்பிக் கூடையை டீ மேசையில் கவிழ்த்தாள். கத்தியால் ஒவ்வொன்றாகத் திறந்து தங்கை முன்னால் வைத்தாள். பாதி ஓடுகளில் ஊசித் துளை, உள்ளே ஒன்றுமில்லை. மீதியில் விரல் நகம் அளவு சதை.

"சாப்பிடு."

"என்னக்கா இது?"

"ஆத்துத் தண்ணி வரலேன்னா கழிமுகம் உப்பாயிடும். உப்பானா துளைக்கிற நத்தை பெருகும். நீயும் அப்பா மகதானே, தெரியாதா உனக்கு?" சியோ-தி அக்கா கத்தியைத் துடைத்தாள். "அந்தச் சுத்தியலைத் தட்ட வெச்சது நீதான். டிவியில பாத்தோம். எல்லாரும் சிரிச்சோம். நானும் வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன்டி."

அக்கா நகமளவு சதை ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

அன்றே மசோதாவை எடுத்து வரச் சொன்னாள். நாற்பத்தோரு பக்கம். அவளுக்கு அந்தச் சட்ட மொழி ஓடவில்லை, எனக்கும் ஓடவில்லை. புங்-யுவான் அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு பகல் முழுக்க அந்த மனுஷன் வாய்விட்டுப் படித்தார். கல்யாணமானதிலிருந்து பேசியதையெல்லாம் கூட்டினாலும் அவ்வளவு வராது. நடுநடுவே தொண்டை கட்டி, தம் சூரணத்தையே வெந்நீரில் கலக்கிக் குடித்தார். பதினேழாம் பக்கத்தில் நிறுத்தினார்.

"வறண்ட மாதங்கள்ல கழிமுகத்துக்கு விடவேண்டிய நீர், அமைச்சகம் பொருத்தமெனக் கருதும் அளவு."

"அளவுன்னா எவ்வளவு?" என்றாள் அக்கா.

"பூஜ்யமும் ஒரு அளவுதான்" என்றார் அண்ணன்.

திருத்தம் கொண்டுவர மற்ற உறுப்பினர்களின் கையெழுத்து வேண்டும். கொறடா, "கட்சி கொண்டுவந்த சட்டத்தைக் கட்சிக்காரியே திருத்துவீங்களா?" என்று கத்தினார். கத்துவதில் போட்டி போட அவர் ஆள் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கலாம். அக்கா நாடாளுமன்றக் கேன்டீன் வாசலில் நின்றுகொண்டாள். உள்ளே போகிறவரை மறித்து, பதினேழாம் பக்கத்தை அவர் காதுக்குள் முழுசாகப் படிப்பாள். கையெழுத்துப் போட்டால் சாப்பிட விடுவாள். போடாதவருக்கு மறுபடி முதலிலிருந்து. எதிர்க்கட்சிக்காரர்கள் சந்தோஷமாகவே போட்டார்கள். எங்கள் ஆட்கள் பசியில் போட்டார்கள். மூன்றே நாளில் இருபத்தெட்டுப் பேர். பொய்முடிப் பேராசிரியர் இரண்டு முறை போட்டார், தெரியாமல்.

திருத்தத்தைக் குழுவுக்கு அனுப்பினார்கள். குழு அதை அடுக்கின் அடியில் வைத்தது. கட்சி அக்காவுக்கு மறுபடி சீட்டு இல்லை என்றது.

"போங்கடா" என்று சுயேச்சையாக நின்றாள். கடலோர ஊர்கள் அவளுக்குப் போட்டன. மேட்டுப் பகுதிக்காரர்களுக்குத் தொழிற்பேட்டையில் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும், அவர்கள் போடவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பல் டாக்டர் அறுநூற்றுப் பதினோரு ஓட்டில் ஜெயித்தார்.

தோற்றவரும் லாரியில் சுற்றி ஓட்டுப் போட்டவர்களுக்கு நன்றி சொல்வது எங்கள் வழக்கம். தலைகுனிந்து, கண்ணைத் துடைத்து, கையசைப்பார்கள். அக்கா ஒலிபெருக்கியின் திருகை முழுக்கத் திருப்பச் சொன்னாள்.

"போட்டவங்களுக்கு நன்றி! போடாதவங்களே, உங்களையும் எனக்குத் தெரியும்! பூண்டு மண்டி வூ! உன் மக கல்யாணத்துல உனக்குப் பதிலா நான்தானே பேசினேன், உனக்குத்தான் போதையில நாக்கு எழும்பலையே! தபால் ஆபீஸ் லின் அண்ணி! உங்க மாமனாருக்கு நான் அழுத அழுகை நீங்க அழுதீங்களா?"

"அக்கா, போதும்க்கா" என்றேன். "லாரியை ஓட்டுடா ஹோக்" என்று என்னை அதட்டினாள்.

ஜனங்கள் கதவைச் சாத்துவார்கள் என்று பயந்தேன். ஓடிவந்து வாசலில் நின்றார்கள். தங்கள் பெயர் வருகிறதா என்று கேட்கத்தான். வராதவர்கள் முகம் வாடியது. மூன்று நாள், அறுபத்திரண்டு ஊர். திட்டு வாங்கியவர்களே பட்டாசு வெடித்தார்கள். பூண்டு மண்டி வூ எங்கள் லாரியில் இரண்டு மூட்டை பூண்டை ஏற்றிவிட்டு, "இன்னொரு தடவை சொல்லுக்கா, எம்மவ கேக்கல" என்றான். ஒவ்வொரு ஊரிலும் திட்டி முடித்ததும், பதினேழாம் பக்கத்தை மனப்பாடமாக ஒப்பித்தாள். புதிய உறுப்பினரைப் பார்த்தால் இதைக் கேளுங்கள் என்றாள்.

கேட்டார்கள். பல் டாக்டரால் கல்யாண வீட்டில் ஒரு இறால் உரிக்க முடியவில்லை. அவருடைய மருத்துவமனையில் வாயைத் திறந்து படுத்திருந்தவர்கள்கூட, பஞ்சை எடுத்ததும் முதலில் அதைத்தான் கேட்டார்களாம். இரண்டாம் வருடம் திருத்தம் நிறைவேறியது. வறண்ட மாதங்களில் இத்தனை என்று எண் போட்டே எழுதினார்கள். நத்தை ஒரே நாளில் ஒழிந்துவிடவில்லை. ஆனாலும் அடுத்த குளிர்காலத்துக்குள் சியோ-தி அக்காவின் சிப்பி கட்டைவிரல் அளவுக்கு வந்துவிட்டது.

திருத்தம் வந்த கையோடு, ஆற்றுத் தண்ணீரைக் கழிமுகத்துக்கு விடும் மதகின் திறப்பு விழாவுக்கு ஒரு பெரிய பலகை வைத்தார்கள். அதில் பல் டாக்டர் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தார். அக்காவின் பெயர் எங்கேயும் இல்லை, அழைப்பும் இல்லை. அக்கா போனாள். பின்வரிசையில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு, சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் ரிப்பனருகே போய்க் கத்தரிக்கோலைப் பிரித்த நேரத்தில், முன்வரிசையிலிருந்து சியோ-தி அக்கா எழுந்தாள்.

"ஏய் போங்-யோ! வந்துட்டுச் சும்மாவா போவே? ரெண்டு வார்த்தை பேசு."

கூட்டம் கைதட்டியது. தொகுப்பாளர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் வேறு வழியில்லாமல் தலையாட்டினார். அக்கா விதைப் பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு மேடையேறினாள். மைக்கை நீட்டினார்கள், வேண்டாம் என்றாள். யார் யார் கையெழுத்துப் போட்டார்கள், யார் யார் பசியில் போட்டார்கள் என்று இருபத்தெட்டுப் பேரையும் பெயர் சொல்லி ஆரம்பித்தாள். பல் டாக்டர் விரித்த கத்தரிக்கோலோடு வெயிலில் நாற்பது நிமிடம் நின்றார்.